கண்டும் காணாமல்

கதவின் மேல்கீல் திருகு துருவேறிக் கிடந்தது. தச்சர் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, திருப்புளியை வைத்து முழு பலத்தோடு அழுத்தினார். உள்ளே அண்ணன் கிடந்தார். விடியற்காலை நெஞ்சுவலியில் போய்விட்டார். வாசல் குறுகல்; கதவைக் கழற்றினால்தான் அவரை வெளியே கொண்டுபோக முடியும்.

"நாலு வருஷமா வாசல மிதிக்காத மனுஷன். வந்ததும் கதவையே கழட்டுறாரு," என்றார் பக்கத்து வீட்டுக்காரர், காதில் விழும்படியாகவே.

விழுந்தது. தச்சர் அடுத்த திருகுக்குப் போனார். நாலு வருஷத்துக்கு முன்னால், கடைத்தெருவில், நல்ல பட்டப்பகலில், அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று கையை உயர்த்தினார். அண்ணன் கண்டும் காணாமல் போனார். மாடி எடுத்துக் கட்டியவன் கண்ணுக்குத் தம்பி தெரிவானா? அன்றோடு பேச்சு முறிந்தது.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தது. கதவை மாட்ட அவர் மட்டும் திரும்பி வந்தார். அண்ணி ஒரு சின்ன மருந்துக் குப்பியைக் குப்பையில் போடப் போய், போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"என்ன அண்ணி அது?"

"கண்ணுக்கு ஊத்துற சொட்டு. உள்ள அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப்போச்சு. எதிர்ல நின்னாத்தான் தெரியும், பக்கத்துல நிக்கிற ஆளே தெரியாது. மூணு வருஷம் முன்னாடிதான் காட்டினோம். அதுக்கு வெகு நாள் முன்னாலயே ஓரமெல்லாம் போயிருக்குன்னாங்க. போனது வராதாம். மிச்சத்தக் காப்பாத்தத்தான் மருந்தாம்."

தச்சர் கையிலிருந்த திருகைக் கீழே வைத்தார்.

"கூடப் பொறந்தவங்களும் காட்டணும்னாங்க. உங்களுக்கு ரெண்டு தடவ ஆள் விட்டாரே."

விட்டார்தான். ஆஸ்பத்திரிக்காரனுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறான் என்று, வந்த ஆஸ்பத்திரிச் சீட்டைத் தச்சர்தான் கிழித்துப் போட்டார். நான் இன்னும் ஊசியில் நூல் கோப்பேன் என்றும் சொல்லி அனுப்பினார்.

"'வலிக்காது, தெரியாது. மரத்துல கரையான் மாதிரின்னு சொல்லு, அவனுக்குப் புரியும்'னாரு. போனவன் சொல்லாம விட்டுட்டான் போல."

"சொன்னான்," என்றார் தச்சர்.

அண்ணி அடுப்படிக்குப் போனார்.

தச்சர் கதவை நிறுத்தினார். கோணல் பார்க்க, வழக்கம்போல இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் விளிம்பைப் பார்த்தார். நூல் பிடித்தாற்போல் நேர். ஐம்பது வருஷமாக அந்த ஒரு கண்ணுக்குத்தான் வேலை. மற்றதை யார் கேட்டார்கள்?

வலக்கண்ணை மூடினார்.

கதவில் நடுவே ஒரு சாண் மட்டும் இருந்தது. மேலேயும் கீழேயும் இல்லை.

இரண்டு கண்ணையும் திறந்தார். கதவு முழுசாக நின்றது. மறுபடி வலக்கண்ணை மூடினார். ஒரு சாண்.

"எவ்வளவு நேரமா டீயை நீட்டிட்டு நிக்கிறேன்," என்றது அண்ணியின் குரல், இடப்பக்கத்திலிருந்து. "இன்னும் கோவம் தீரலையா தம்பி?"

அவர் தலையைத் திருப்பவில்லை. கையை மட்டும் மெல்ல நீட்டினார். விரல்கள் வெறுங்காற்றைத் துழாவி, அப்புறம் டம்ளரின் சூட்டைத் தொட்டன.