விரல் நுனி பட்ட பந்து

சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே பியூலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உப்புமாவில் இரண்டு தடவை உப்பைப் போட்டாள். இஸ்திரி போட்டு மடித்து வைத்த மஞ்சள் டீ-ஷர்ட்டை மறுபடி விரித்து இஸ்திரி போட்டாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தபோது வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மழை வந்து கெடுத்துவிடுமோ என்று.

"ஃபைனல்ஸ் உனக்கா, இந்தத் தெருவுக்கேவா? கொஞ்சம் உக்காரேன்," என்றான் அவள் கணவன் கிளாட்சன், உப்புக் கரிக்கும் உப்புமாவைத் தயிர் விட்டுச் சமாளித்தபடி.

"தெருவுக்கேதான்!" என்றாள் பியூலா.

அதுவும் நிஜம். லிங்கராஜபுரத்தில் அவர்கள் தெருக்கோடியில் ஒரு காலி மனை கிடந்தது. அங்கே நெட் கட்டி, அக்கம்பக்கத்துப் பெண்கள் உடம்பு இளைக்கலாமே என்று த்ரோபால் ஆட ஆரம்பித்தார்கள். உடம்பு இளைத்ததோ இல்லையோ, ஆட்டம் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு சீதாலட்சுமி கேப்டன். ஈரோட்டிலிருந்து வந்து கம்பெனி வேலை பார்க்கும் நிருபமா முன்வரிசை. பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்காரும் பியூலா பின்வரிசை. ஏரியா பெண்கள் டோர்னமென்ட்டில் இரண்டு வருஷம் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வியவர்கள், இந்தத் தடவை ஃபைனலுக்கு வந்துவிட்டார்கள்.

பியூலாவிடம் ஒரு பழக்கம் உண்டு. கொரோனா சமயத்தில் ஆலயத்தைப் பூட்டி வைத்திருந்தபோது, அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஜெபம் பண்ண ஆரம்பித்தாள். ஆண்டவர் சிங்க் பக்கத்தில் வந்து நிற்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு ஆலயம் திறந்தது. ஆனால் அவர் சமையலறையை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து பஸ்ஸில், கிளினிக்கில், காய்கறி வண்டிக்காரரிடம் பேரம் பேசும்போதுகூட அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் 'நீர், உம்மை' என்று மரியாதையாக ஜெபிப்பவள், வீட்டு வேலை நடுவே 'நீங்க' என்றே பேசுவாள். அன்று காலையும் பேசினாள். "ஆண்டவரே, எப்படியாவது கப்பு எங்களுக்குத்தான். ப்ளீஸ்."

வெளியே ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. சீதாலட்சுமி.

"உங்க சாமிகிட்ட சொல்லிட்டியா? நான் முருகனுக்குச் சொல்லிட்டேன். ரெண்டு பக்கமும் சிபாரிசு இருக்கட்டும், ஏறு!"

மைதானத்தில் கூட்டமான கூட்டம். ஸ்பீக்கரில் கன்னடப் பாட்டு அலறியது. எதிர் டீம் பெரிய அபார்ட்மென்ட் ஒன்றிலிருந்து வந்தவர்கள். எல்லாரும் நீல ஜெர்ஸி, எல்லாருக்கும் ஒரே மாதிரி ஷூ. அவர்களில் உயரமான ஒருத்தி ஓரமாய் நின்று, கழுத்திலிருந்த ஜெபமாலையை எடுத்துக் கண்ணை மூடி முத்தமிட்டாள்.

பியூலாவுக்குத் திக்கென்றது. அந்தம்மா கத்தோலிக்கர், தான் சி.எஸ்.ஐ. ஆனால் கேட்பது ஒரே ஆண்டவரிடம். அவர் யாருக்குக் கொடுப்பார்?

நெட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கைகளைக் கூப்பினாள். காலையில் கேட்டதைத் திரும்பக் கேட்க வாய் வரவில்லை. "ஆண்டவரே, கப்பு விஷயத்தை நீங்களே பாத்துக்குங்க. ஆனா கோர்ட்டுக்குள்ள என்கூட வாங்க. வெளிய நின்னு வேடிக்கை பாக்காதீங்க."

அம்பயர் நாகேஷ், ஏதோ ஒரு ஸ்கூலில் பி.டி. மாஸ்டர், விசிலை ஊதினார்.

த்ரோபாலில் தட்டுகிற வேலை கிடையாது. வருகிற பந்தை இரண்டு கையாலும் பிடித்து, பிடித்த வேகத்தில் ஒரு கையால் திருப்பி எறிய வேண்டும். முதல் செட்டில் நிருபமா எறிந்ததெல்லாம் எதிரிகள் காலடியில் விழுந்தது. மஞ்சள் டீமுக்கு செட். இரண்டாவதில் ஜெபமாலைக்காரி விஸ்வரூபம் எடுத்தாள். நெட்டை உரசிக்கொண்டு வந்த அவள் பந்துகளைப் பிடிக்கப் போய் இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள். நீலத்துக்கு செட்.

மூன்றாவது செட்டில் யாரும் யாரையும் விடவில்லை. ஒரு பாயின்ட் இங்கே, ஒரு பாயின்ட் அங்கே. பியூலா குனிந்தாள், பாய்ந்தாள், முழங்காலில் சிராய்ப்பு வாங்கினாள். ஒரு பந்தை லைனுக்கு ஒட்டி விழுந்து பிடித்தபோது கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. நாற்பதைத் தாண்டிய உடம்பு இது என்பதே அவளுக்கு மறந்துபோனது. ஆடுவதே ஒரு துதிப்பாட்டு மாதிரி இருந்தது. ஒவ்வொரு மூச்சிலும் 'ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்' என்று வந்தது.

பதினாலு, பதிமூணு. மஞ்சள் முன்னால். இன்னும் ஒரே பாயின்ட்.

"ஒண்ணே ஒண்ணுடி!" என்று கத்தினாள் சீதா. தொண்டை கட்டிப்போயிருந்தது.

ஜெபமாலைக்காரி பின்னாலிருந்து ஓங்கி எறிந்தாள். பந்து உயரமாக வந்தது. பியூலா கை தூக்கி எம்பினாள். எம்பிய நொடியிலேயே தெரிந்துவிட்டது, பந்து வெளியே போகிறது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். பந்து லைனுக்கு அப்பால் தொப்பென்று விழுந்தது.

"அவுட்!" விசில் நீளமாக ஊதியது.

அவ்வளவுதான். நிருபமா வீல் என்று கத்திக்கொண்டு ஓடிவந்து பியூலாவின் இடுப்பைக் கட்டித் தூக்கினாள். சீதா தரையில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். தெருக்காரர்கள் டிரம்மை அடித்து நொறுக்கினார்கள். ஓரத்தில் கிளாட்சன் இரண்டு கையையும் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தான்.

பியூலா குதிக்கவில்லை. அவள் வலதுகைச் சுண்டுவிரல் நுனி சுரீரென்று எரிந்தது.

பட்டிருக்கிறது. இழுத்த கைக்கு முன்னால் பந்து உரசிவிட்டுப் போயிருக்கிறது. கை பட்டு வெளியே போனால் பாயின்ட் எறிந்தவர்களுக்கு.

யாரும் பார்க்கவில்லை. அம்பயர் பார்க்கவில்லை, எதிர் டீமே பார்க்கவில்லை. நீல ஜெர்ஸிக்காரிகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கைகுலுக்க வரிசையில் நின்றுவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். 'இவ்வளவு சின்ன விஷயம், ஆண்டவரே. விளையாட்டுதானே?' என்றாள் பியூலா உள்ளுக்குள். ஆனால் கூப்பிட்டது அவள்தான். கோர்ட்டுக்குள் வாங்க என்று அழைத்துவிட்டு, இந்த ஒரு நிமிஷம் மட்டும் வெளியே இருங்க என்று எப்படிச் சொல்வது?

நிருபமாவின் கையை விலக்கிவிட்டு நேராக அம்பயரிடம் நடந்தாள்.

"சார், பந்து என் விரல்ல பட்டுச்சு."

நாகேஷ் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "ஏனம்மா? நிஜவாகலூ?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"நிஜமா சார். பாயின்ட் அவங்களுக்கு."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு ஸ்கோர் போர்டுப் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார். பதினாலு, பதினாலு. இனி இரண்டு பாயின்ட் சேர்ந்தாற்போல எடுப்பவர்களுக்கே கப்.

டிரம் நின்றது. சீதா எழுந்து வந்தாள். கண்ணீர் காயாத முகம் சிவந்துபோயிருந்தது.

"உனக்குப் பைத்தியமா பியூ? ஜெயிச்சாச்சுடி! முடிஞ்சுபோச்சு!"

"முடியல, சீதா. வா, ஆடலாம்."

"ஆடி என்ன..." என்று ஏதோ கெட்ட வார்த்தை சொல்ல வந்து, விழுங்கிக்கொண்டு, தன் இடத்துக்குப் போனாள்.

அடுத்த ஆட்டம்போல ஓர் ஆட்டத்தை அந்த மைதானம் பார்த்திருக்காது. பந்து அங்கே போகிறது, இங்கே வருகிறது, கீழே விழவே மாட்டேன் என்கிறது. கூட்டம் எந்த டீமுக்கு என்றில்லாமல் இரண்டு பக்கத்துக்கும் கத்தியது. கடைசியில் சீதா எறிந்த பந்து நெட்டில் மாட்டிக்கொண்டது. நீலத்துக்குப் பதினைந்து. அதற்கடுத்து ஜெபமாலைக்காரியின் பந்து பியூலாவின் உள்ளங்கைக்குள் வந்து, நழுவி, மண்ணில் உருண்டது. பதினாறு.

கப்பு போய்விட்டது.

பியூலா தண்ணீர் பாட்டிலோடு சிமென்ட் படியில் உட்கார்ந்தாள். உள்ளே மணியோசையோ பரலோக சந்தோஷமோ எதுவும் கேட்கவில்லை. முழங்கால் எரிந்தது. 'சும்மா இருந்திருக்கலாமோ' என்று ஒரு எண்ணம்கூட எட்டிப் பார்த்தது. அதை அவள் மறைக்கவில்லை; ஆண்டவரிடம் அப்படியே சொன்னாள். சொன்ன பிறகு மூச்சு சீராக வந்தது.

சீதா பக்கத்தில் வந்து, கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"யாருமே பாக்கலடி."

"காலைல ஜெபம் பண்ணக் கூப்புன கை இதுதான், சீதா. மேட்ச்சுக்குன்னு வேற கை என்கிட்ட இல்லியே."

சீதா பாட்டிலைப் பிடுங்கித் தண்ணீர் குடித்தாள். "கோபம் போகல. சொல்லிட்டேன். ஒரு வாரத்துக்கு இருக்கும்."

"இருக்கட்டும். கோபத்தோடயே காபி குடிக்க வா."

"வராம எங்க போகப்போறேன்?"

எதிரே நீல ஜெர்ஸிகள் கும்பலாக வந்தன. முன்னால் ஜெபமாலைக்காரி, கையில் கப்பு.

"என் பேரு டெல்ஃபின். விவேக் நகர்ல பொறந்து வளர்ந்தவ, வீட்ல தமிழ்தான்," என்று பியூலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, அந்தப் பந்து பட்டது எனக்கே தெரியலீங்க. நீங்க போய் சொன்னதும் உடம்பெல்லாம் ஆடிப்போச்சு. ஆனா எங்க பொண்ணுங்களுக்கு ஒரே குறை."

"என்ன குறை?" என்றாள் சீதா விறைப்பாக.

"கடைசி ஆட்டம் சக்கத்தா, செமையா இருந்துச்சுல்ல? அதுக்குள்ள முடிஞ்சிருச்சேன்னுதான். கப்பு அது பாட்டுக்கு ஓரமா இருக்கட்டும். இன்னொரு மேட்ச் ஆடலாமா? சும்மா, சந்தோஷத்துக்கு?"

"எப்போ?"

"எப்ப வேணா."

சீதாவின் கண் மெல்ல விரிந்தது. அந்தப் பக்கம் நாகேஷ் சார் கம்பத்துக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்திருந்தார். சீதா படியிலிருந்து துள்ளி எழுந்து, கட்டிப்போன தொண்டையோடு அலறினாள்.

"சார்! நெட் பிச்பேடி! அவிழ்க்காதீங்க சார், நெட்டு!"

அவர் கயிற்றைப் பிடித்தபடி திரும்பினார். பதினான்கு பெண்கள் கோர்ட்டை நோக்கி ஓடிவருவதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முடிச்சை மறுபடி இறுக்கினார். போய்க்கொண்டிருந்த கூட்டம் திரும்பி வந்தது. டிரம்காரன் பையிலிருந்து குச்சியை வெளியே எடுத்தான். நீலமும் மஞ்சளுமாகக் கலந்து ஆள் பிரித்தார்கள். டெல்ஃபின் பியூலாவின் பக்கமே வந்து நின்றாள்.

"முட்டி வலிக்கலியா உனக்கு?" என்று கிளாட்சன் ஓரத்திலிருந்து கத்தினான்.

"வலிக்குது!" என்று பியூலா சிரித்தபடி கத்தினாள். எதிர்ப்பக்கத்திலிருந்து நிருபமா எறிந்த முதல் பந்து வெயிலில் மின்னிக்கொண்டு உயரே வந்தது. பியூலா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "என்னுது! என்னுது!" என்று ஓடினாள்.