ஈட்டிக்கு முந்நூறு குத்து

ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர் தடித்த பிளக்கைக் கையில் பிடித்தபடி கூடம் முழுக்கத் தேடினார்.

“பெரிய பாயின்ட் எங்கங்க இருக்கு? இந்தச் சின்னதுல நுழையாது.”

அந்தத் தென்னூர் வீட்டில் பெரிய பாயின்ட் ஒன்றே ஒன்றுதான். ஏசி மாட்டலாம் என்று ஜோதியின் தம்பி நவநீதனின் அறையில் வைத்தது. ஏசி வரவில்லை, கம்ப்யூட்டர் வந்தது. விடிகாலை ஐந்து மணிக்குத் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். முப்பத்து மூன்று வயது. அவனைக் கூடத்துப் பெஞ்சில் கிடத்தி முழுதாக இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் அவனுடைய ஒயர்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறதே என்று ஜோதிக்கு எரிச்சலாக வந்தது.

கம்ப்யூட்டர் அணையவே இல்லை. திரையில், அவன் ஆடும் விளையாட்டில், அவனுடைய வீரன் ஈட்டியோடு நின்றான். எதிரே வைக்கோல் பொம்மை.

“பிடுங்கி விடும்மா. என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற?” என்றார் மருதை மாமா, அம்மாவின் தம்பி.

பிடுங்கினாள். மேசைமேல் அந்த நோட்டு திறந்தபடி கிடந்தது. அதை மட்டும் எடுத்து பீரோவில் புடவைகளுக்கு அடியில் செருகினாள். யாரும் கேட்கப்போவதில்லை. இருந்தாலும் பீரோவைப் பூட்டினாள்.

சனியன் பிடித்த விளையாட்டு. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஆன்லைனில் ஆடுவது. அதில் நாற்பது பேர் கொண்ட ஒரு படை. அந்தப் படைக்கு எந்த ஆயுதம் நல்லது என்று சோதித்துச் சொல்கிறவன் நவநீதன். கோடரிக்கும் ஈட்டிக்கும் ஒரே பலம் என்று விளையாட்டில் எழுதியிருந்தால் அவன் நம்ப மாட்டான். அதே பொம்மை, அதே இடம், அதே கவசம். ஒவ்வொரு ஆயுதத்துக்கும் முந்நூறு தடவை. ஒவ்வொரு அடிக்கும் திரையில் வரும் எண்ணை நோட்டில் எழுத வேண்டும், குறி தவறினால் சைபர். இரண்டு வருடமாக டயாலிசிஸ், வேலையும் போயிற்று. இதையாவது செய்யட்டும் என்று அம்மா விட்டுவிட்டாள். ஜோதியால் விட முடியவில்லை. முப்பது தடவை அடித்தால் தெரியாதா என்று கேட்டால், “முப்பதுல அதிர்ஷ்டம் பேசும்கா, முந்நூறுலதான் ஆயுதம் பேசும்” என்பான்.

கோடரியை நாலு நாளில் அவனே முடித்துவிட்டான். நேற்று சனிக்கிழமை, டயாலிசிஸ் முடிந்து வந்ததும் விரல்கள் இழுத்துக்கொண்டன.

“ஈட்டிய மட்டும் நீ குத்திக் குடுக்கா. ராத்திரிக்குள்ள சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.”

ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். நாற்பத்திரண்டு விடைத்தாள்கள் திருத்தாமல் கிடந்தன. நூற்று எண்பது குத்துவரை ஒழுங்காகத்தான் குத்தினாள். அதற்குமேல் பொறுமை போய்விட்டது. அவன் கண்ணயர்ந்திருந்த நேரத்தில் மீதி நூற்று இருபது எண்களையும் மனம்போனபடி எழுதி நோட்டை நிரப்பிவிட்டு எழுந்து வந்தாள். பொம்மையைக் குத்துகிற கணக்கில் யார் குடி முழுகிவிடப் போகிறது?

சாயங்காலம் கூடத்தில் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது அவன் அறையிலிருந்து டொக் டொக் என்று மவுஸைத் தட்டும் சத்தம் கேட்டது.

“இன்னுமா? ஒருநாளாவது கம்முனு படுக்க மாட்டியாடா?” என்று கத்தினாள்.

“இதோ முடிஞ்சிருச்சுக்கா.”

அவனோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

துறையூர்ச் சொந்தங்கள் வந்து சேர்ந்தபின் மூன்று மணிக்குமேல் எடுக்கலாம் என்று முடிவானது. பன்னிரண்டு மணி வாக்கில் மாலையோடு ஒருவன் வந்தான். முப்பது வயதிருக்கும். பெட்டியின் கண்ணாடி வழியே நவநீதனின் முகத்தை வெகுநேரம் பார்த்தான்.

“அக்கா, நான் பிரவீன்ராஜ். உப்பிலியபுரத்துல உரக்கடை வச்சிருக்கேன். அண்ணன்கூட கேம் ஆடுறவன். நேர்ல இன்னிக்குத்தான் பாக்குறேன். குரல்தான்கா பழக்கம்.”

“உக்காருங்க தம்பி.”

“நாப்பது பேரும் அண்ணன் சொன்னபடி ஈட்டியப் பலப்படுத்தவே இரும்பப் போட்டுட்டோம்கா. மூணு மாசமா கேம்ல சேத்த இரும்பு. ஒருதடவ போட்டா திரும்ப எடுக்க முடியாது. இன்னிக்குச் சாயங்காலம் அண்ணன் பேரச் சொல்லித்தான் பெரிய சண்டைக்குப் போறோம்.”

ஜோதி பீரோ இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். விளையாட்டுதான். ஆனால் தம்பியின் சொல்லை நம்பி நாற்பது பேர் நிற்கிறார்கள், அந்தச் சொல்லோ அவள் இட்டுக்கட்டியது. தோற்றுவிட்டு, நவநீதன் ஏமாற்றிவிட்டான் என்றுதானே நாளைக்குப் பேசுவார்கள்? செத்தவன் வந்து பதில் சொல்வானா? வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாதுதான். மூட முடியவில்லை. பிரவீன்ராஜை மாடிப்படிப் பக்கம் அழைத்துப் போனாள்.

“தம்பி, சண்டைக்குப் போகாதீங்க. அந்த எண்ணெல்லாம் பொய். அவன் பேர்ல தப்பில்ல. நான்தான் குத்தாமலே எழுதிட்டேன். நூத்தி எண்பதுக்கு மேல எல்லாமே நானா எழுதினது.”

பிரவீன்ராஜ் அவளை விழித்துப் பார்த்தான். பிறகு போனை எடுத்துத் தடவி அவளிடம் நீட்டினான்.

“அண்ணன் நேத்து ஏழு மணிக்குப் போட்டதுக்கா. நீங்க பாக்கலையா?”

ஒரு போட்டோ. டயாலிசிஸ் சீட்டின் பின்பக்கம். நூற்று எண்பத்தொன்றிலிருந்து முந்நூறு வரை, நவநீதனின் கையெழுத்து. வரிகள் போகப்போகச் சரிந்து, கடைசி எண்கள் எழுத்து பழகும் குழந்தை கிறுக்கியதுபோல இருந்தன. நடுநடுவே சைபர்கள். கீழே அவன் எழுதியிருந்தான்:

‘ஈட்டிதான். சராசரி ஆறு கூட. 181லேருந்து எங்கக்கா எழுதினத எடுத்துக்கல. நூத்தியிருபது குத்துல ஒண்ணுகூடத் தவறல, ஒரு சைபர் இல்ல. அப்படி ஒரு கை அவளுக்கு! அத நானே திரும்பக் குத்திட்டேன். யாரும் அவளக் கிண்டல் பண்ணாதீங்க, பாவம் பேப்பர் திருத்துறா.’

கேள்வி எண்ணை மட்டும் எழுதிவைத்த பிள்ளைக்கும் அரை மார்க் போடுகிறவள் அவள். பதினாறு வருடத்தில் எந்தத் தாளிலும் சைபர் போட்டதில்லை. பொய்யாக எழுதும்போதும் அது கைக்கு வரவில்லை.

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம் அல்லவா? ஏன்க்கா இப்படிப் பண்ணினே என்று நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். எழுந்துபோய் மறுபடி குத்திக் கொடுத்திருப்பாள். இழுத்துக்கொண்ட விரலை வைத்துக்கொண்டு நூற்று இருபது தடவை டொக் டொக் என்று. அதற்கும் சேர்த்து இவளிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு.

“லூசு,” என்றாள் சத்தமாக. “லூசுப் பய.”

பிரவீன்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

நாலு மணிக்குப் பெட்டியைத் திறந்து குளிப்பாட்டினார்கள். ஓயாமரிச் சுடுகாட்டுக்குப் போகும் வண்டி தெருமுனையில் ஹாரன் அடித்தது. அம்மா பொன்னுத்தாய் வாய்க்கரிசி போட்டுவிட்டுச் சரிந்தாள், இரண்டு பேர் தாங்கிக்கொண்டார்கள். அடுத்து ஜோதி. அரிசியைப் போட்டாள். போட்டுவிட்டு நகரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவனுடைய வலது கையைப் பிடித்தாள். சில்லென்று, கட்டையாக இருந்தது. சுட்டுவிரலை அடியிலிருந்து நுனிவரை அழுத்தி நீவிவிட்டாள். பிறகு நடுவிரல்.

“வரிசையில ஆள் நிக்கிறாங்கம்மா,” என்றார் மருதை மாமா. “எழுந்திரு ஜோதி.”

அவள் மோதிர விரலைப் பிடித்திருந்தாள்.