எண்பது ஆகாதவர்

மேஜர் விழுந்தது காலை ஆறு நாற்பதுக்கு.

நேரத்தில் சந்தேகமே இல்லை. முன்னறை ரேடியோவில் ஆறரை மணிச் செய்தி முடிந்து விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குளியலறையில் பாதிக் கன்னத்துச் சோப்பு நுரையோடு நின்றிருந்தார். இடது கால் ஈரத்தில் வழுக்கியது. கை வாஷ்பேசின் விளிம்பைத் தேடிப்போய், ஆணியில் தொங்கிய சவரக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. கண்ணாடியும் மேஜரும் சேர்ந்தே தரைக்கு வந்தார்கள்.

காய்ந்த குச்சியை யாரோ முழங்காலில் வைத்து ஒடித்த மாதிரி ஒரு சத்தம். தன் இடுப்புக்குள்ளிருந்துதான் வந்தது என்று புரிய இரண்டு விநாடி ஆயிற்று. அதற்குப் பிறகு வந்த வலியில், மேஜர் ராணுவத்தில் கற்ற கெட்ட வார்த்தைகள் அத்தனையையும் வரிசை பிசகாமல் சொல்லி முடித்தார்.

கண்ணாடி உடையவில்லை. ராணுவத்தில் கொடுத்த எஃகுக் கண்ணாடி. உடைந்தது அவர்தான்.

"சரி. நிலைமை என்ன?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். எழுபத்தாறு வயது. இடுப்பு போச்சு. செல்போன் முன்னறையில் சார்ஜில். தரைவழி போன் அதே அறையில், மேஜை மேல், பதிவேட்டுக்குப் பக்கத்தில். குளியலறையிலிருந்து நேராக ஒரு நடை, அதன் கோடியில் முன்னறை, அதன் கோடியில் வாசல் கதவு. கதவின் மேல்பாதி, நிழல் மட்டும் தெரிகிற பனிக்கண்ணாடி. படுத்த இடத்திலிருந்து அதுவரைக்கும் தெரிந்தது. மனைவி இருந்தவரைக்கும் குளியலறைக் கதவைச் சாத்துவார். மூன்று வருடமாக யாருக்காகச் சாத்த வேண்டும்?

ஒரு முறை நகர்ந்து பார்த்தார். கண் இருட்டியது. அதோடு விட்டார்.

"உதவி! யாராவது இருக்கீங்களா!"

பக்கத்து வீட்டில் டைல்ஸ் வெட்டும் மெஷின் கிறீச்சிட ஆரம்பித்தது. பத்து நாளாக அங்கே மராமத்து. மெஷின் நிற்கும்போது ஆட்கள் சுத்தியலால் தட்டினார்கள்.

பரவாயில்லை, ஏழு மணி ஆகட்டும் என்று நினைத்தார். ஏழு மணிக்கு விஷயம் வெளியே வந்துவிடும்.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது.

முன்னாள் ராணுவ அதிகாரிகள் சங்கத்துக்கு மேஜர் ஒன்பது வருடமாகச் செயலாளர். சங்க மண்டபத்தில் ஒரு தேக்குப் பலகை உண்டு. எண்பது வயது நிரம்பிய அன்று அதிகாரியின் பெயரைப் பித்தளைத் தகட்டில் வெட்டி அதில் பதிப்பார்கள். அன்றுமுதல் அவர் கௌரவ உறுப்பினர். கூட்டத்தில் முதல் வரிசை நாற்காலி. தனியாக வாழ்பவராக இருந்தால் இன்னொரு மரியாதையும் உண்டு: தினமும் காலை ஏழு மணிக்குச் செயலாளரிடமிருந்து போன்.

அந்த வழக்கம் வந்த கதை நல்ல கதை இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு விமானப்படைக்காரரை நாலு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். வாசலில் நாலு செய்தித்தாள் கிடந்தது. அந்த வாரமே தீர்மானம் போட்டார்கள். ஆரம்பத்தில் பட்டியலில் பதினொரு பேர். இப்போது மூன்று.

முதலில் கர்னல், பதவி வரிசைப்படி. வயது எண்பத்தாறு, பட்டப்பெயர் பீரங்கி. முப்பது வருடம் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்ற காது சுத்தமாகப் போய்விட்டது. மணி அடித்தாலும், அவர் கூப்பிட்டு மறுமுனையில் அடித்தாலும், எடுக்கும்வரை அவர் போனில் சிவப்பு விளக்கு எரியும். எடுத்து, "இருக்கேன்யா! உனக்கு என்ன அவசரம்?" என்று கத்திவிட்டு வைத்துவிடுவார். இரண்டாவது, கடற்படைக்காரர் நங்கூரம். "மேகமூட்டம், தென்மேற்குக் காத்து, ஆள் மிதக்குது" என்பார். மூன்றாவது, ராணுவ மருத்துவராக இருந்த ஊசி டாக்டர். "நாடி துடிக்குது, வை."

பதிவேட்டில் மூன்று டிக். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம். பல நாட்களில் மேஜரின் வீட்டுக்குள் கேட்கிற மனிதக் குரல் அந்த இரண்டு நிமிடம்தான். மகள் வெளிநாட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பேசுவாள். நேற்றுத்தான் ஞாயிறு.

ரேடியோவில் ஏழு மணி மணியோசை கேட்டது.

மேஜர் காத்திருந்தார். ஐந்து வருடத்தில் ஒரு நாள்கூடத் தவறாத போன். காய்ச்சலில் கிடந்தபோதும் போனது. மனைவியை அடக்கம் செய்த மறுநாளும் போனது. இன்று வரவில்லை என்றால் மூன்று பேரில் ஒருத்தராவது பதறமாட்டார்களா? ஏழு பத்துக்கு நங்கூரம் கூப்பிடுவார். எடுக்காவிட்டால் டாக்டருக்குச் சொல்வார். ஏழரைக்கு ஆள் வந்துவிடும்.

ஏழு பத்து. ஏழரை. எட்டு.

போன் அடிக்கவே இல்லை.

இடுப்பு வலியைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கலாம். அடிக்காத அந்தப் போனைத்தான் தாங்க முடியவில்லை. மூன்று பேர். ஆளுக்கு ஆயிரத்து எண்ணூறு காலைகள். ஒருத்தருக்குமா தோன்றவில்லை?

'ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழனிப்பானையில விழுமாம் துள்ளி' என்று மனைவி சொல்லுவாள். அவள் சொன்னபோது சிரித்தார். இப்போது கழுநீரின் ருசி தெரிந்தது. எல்லோரும் இருக்கிறார்களா என்று பார்க்கிறவன் இருக்கிறானா என்று பார்க்க, தீர்மானத்தில் ஆள் இல்லை. அவருக்கு இன்னும் எண்பது ஆகவில்லை. நாலு வருடம் பாக்கி.

அடுத்த போன் ஞாயிறு பத்து மணிக்கு. இன்று திங்கள். தண்ணீர் இல்லாமல் ஆறு நாள் ஓடாது. வாளி எட்டாத தூரத்தில் இருந்தது.

ஒன்பதரைக்கு மேல், கூரையோரத்து ஜன்னல் வழியாக வெயில் இறங்கித் தரையில் ஒரு கட்டமாக விழுந்தது. நாக்கு தோல் மாதிரி ஆகிவிட்டது. குரல் காற்றாக வந்தது.

பத்தரைக்கு வாசலில் கார் நின்றது. கேட் திறந்தது. கைத்தடிச் சத்தம். அழைப்பு மணி அடித்தது. அடித்தது, அடித்தது, அழுத்திய விரலை எடுக்கவே இல்லை.

பனிக்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் உயரமான நிழல்.

"யோவ் மேஜர்! கதவைத் திற!"

மேஜருக்குக் கண்ணில் நீர் முட்டியது. வந்தது பீரங்கி. "சார்!" என்று கத்தினார். தன் காதுக்கே கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கர்னலுக்குக் கேட்டிருக்காது. இந்த ஊரில் எத்தனையோ ஆள் இருக்க, வந்து நின்றது டமாரச் செவிடு!

"உள்ளேதான் இருக்கே, எனக்குத் தெரியும்! பேப்பரைக்கூட எடுக்காம ஒளிஞ்சிட்டிருக்கே! என்னைப் பட்டியல்லேருந்து தூக்கிட்டு மூஞ்சியைக் காட்ட வெட்கமா?"

பட்டியலா?

"மூணு கூட்டத்துக்கு வரலைன்னா தகட்டைக் கழட்டுவேன்னு சனிக்கிழமை கடுதாசி போட்டியே! கழட்டு! கூட்டத்துல எவன் பேசுறதும் எனக்குக் கேட்காதுய்யா, நான் எதுக்கு வரணும்? ஆனா காலையில போனை நிறுத்தினே பாரு, அது அநியாயம்! ஏழு மணியிலேருந்து அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கேன். அது எரியலைய்யா!"

மேஜருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கடிதம்! கமிட்டியில் இருந்த அறுபத்திரண்டு வயது 'இளைஞர்கள்' தீர்மானம் போட்டார்கள். செயலாளர் என்ற முறையில் கையெழுத்துப் போட்டு மூன்று பேருக்கும் அனுப்பியது அவர்தான். அந்த மூன்று பேரும் ஆணை வந்தால் ஏன் என்று கேட்காமல் வாழ்ந்த மனிதர்கள். போன் வராதபோது, விழுந்துவிட்டார் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தன்னைக் கழற்றிவிட்டார்கள் என்றுதான் மூன்று பேருக்கும் தோன்றியிருக்கிறது.

"ராஜினாமா கொண்டுவந்திருக்கேன். கதவுக்கடியில போட்டுட்டுப் போறேன். நல்லா இரு!"

நிழல் மெதுவாகக் குனிந்தது.

காதால் முடியாது. வேறு வழி? மேஜர் சிக்னல் படையில் இருந்தவர். கம்பியோ ரேடியோவோ இல்லாத இடத்திலும் செய்தி அனுப்பச் சம்பளம் வாங்கியவர். தரையில் கிடந்த எஃகுக் கண்ணாடியைப் பார்த்தார். வெயில் கட்டத்தைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு முழம்.

ஒரு முழம். கண்ணாடியைப் பற்றிக்கொண்டு, முழங்கையை ஊன்றி உடம்பை இழுத்தார். இடுப்புக்குள் நெருப்பு வைத்தது போலிருந்தது. இன்னொரு இழுப்பு. கண்ணாடியின் ஓரம் வெயிலைத் தொட்டது. சுவரில் ஒரு வெளிச்ச வட்டம் குதித்தது. அதை நடையில் இறக்கினார், முன்னறைக்கு ஓட்டினார், கதவின் பனிக்கண்ணாடியில் நிறுத்தினார். உள்ளங்கையால் மறைத்தும் திறந்தும் மோர்ஸ் குறியில் அனுப்ப ஆரம்பித்தார்.

மூன்று சின்னது. மூன்று நீளம். மூன்று சின்னது.

நிழல் நிமிர்ந்து திரும்பிவிட்டது. இப்போது முதுகுதான் தெரிந்தது. தடி ஒரு படி இறங்கியது.

மூன்று சின்னது. மூன்று நீளம்.

தடி நின்றது. கர்னல் கடைசியாக ஒரு திட்டு பாக்கி வைத்திருந்தார் போலும். அதைச் சொல்லத் திரும்பினார். வெளிச்சம் முகத்தில் அடித்தது.

"எவன்டா அது, கண்ணுல வெளிச்சம் அடிக்கிறவன்? என்னையே கிண்டல் பண்…"

சட்டென்று நின்றது குரல். வெளிச்சத்தை மேஜர் விடவில்லை. ஆபத்து என்று சொல்ல எல்லாப் படைக்கும் அந்த ஒரே எஸ்.ஓ.எஸ். குறிதான். பீரங்கிக்காரனுக்குக் காது போகலாம், மலை உச்சியில் உட்கார்ந்து தூரத்து வெளிச்சத்தைப் படித்த கண் போகுமா?

கைத்தடி பனிக்கண்ணாடியில் பாய்ந்தது. கண்ணாடி கொட்டியது. சட்டைக் கையெல்லாம் ரத்தமாக ஒரு கிழட்டுக் கை உள்ளே நுழைந்து தாழ்ப்பாளைத் தேடியது.

கர்னல் தன் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்திருந்தார், சண்டை போட. குளியலறை வாசலில் நின்று பார்த்தார். பாதிச் சோப்பு காய்ந்த முகத்தைப் பார்த்தார்.

"எத்தனை மணிக்குய்யா விழுந்தே?"

மேஜர் விரலால் காட்டினார். ஆறு. பிறகு நாலு.

கர்னல் பதக்கம் கலகலக்கத் தரையில் உட்கார்ந்து, வாளித் தண்ணீரைக் கையில் அள்ளி அவர் வாயில் ஊற்றினார்.

ஆஸ்பத்திரிக்கு மற்ற இரண்டு பேரும் வந்தார்கள். ஊசி டாக்டர் மருத்துவ அறிக்கையைப் படிக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டார். அவருடைய ராஜினாமாவும் தபாலில் வந்துகொண்டிருந்தது. நங்கூரம்தான் வாய்திறந்தார். "நான் பன்னிரண்டு மணிவரைக்கும் போன் பக்கத்துலயே இருந்தேன். நானா கூப்பிட்டா கெஞ்சுற மாதிரி இருக்குமேன்னு…" அதற்கு மேல் வானிலை சொல்ல அவருக்கு ஒன்றும் இல்லை.

"உன் பேர் ஏன்யா பட்டியல்ல இல்லை?" கர்னல் கத்தியதில் பக்கத்துக் கட்டில் நோயாளி விழித்துக்கொண்டார்.

மேஜர் காகிதத்தில் எழுதிக் காட்டினார்: 'எண்பது ஆகலை சார்.'

"அதுக்கு? நாலு வருஷம் விழாம நிற்பியா?"

இரும்பு இடுப்போடு மேஜர் வீடு திரும்ப ஐந்து வாரம் ஆயிற்று. மகள் வந்து இருபது நாள் இருந்தாள், கூட வரச்சொல்லி அழைத்தாள், அழுதாள், விமானம் ஏறினாள். கதவுக்குப் புதுக் கண்ணாடி போட்டிருந்தது. பக்கத்து வீட்டு மராமத்து முடிந்துபோய் அந்த மெஷின் சத்தம்கூட இல்லை.

மறுநாள் காலை நடைக்கோலை ஊன்றி மேஜைக்கு வந்து பதிவேட்டைத் திறந்தார். மூன்று பெயருக்குக் கீழே, கோணல்மாணலான கையெழுத்தில் நாலாவதாக ஒரு பெயர். அவருடையது. பக்கத்தில் வயது எழுதும் இடத்தில், எழுபத்தாறை அடித்துவிட்டு எண்பது என்று போட்டிருந்தார் கர்னல்.

ஏழுக்கு ஒரு நிமிடம் இருக்கையில் போன் அடித்தது.

"யோவ் மேஜர், இருக்கியா? பதில் சொல்லாதே, சொன்னாலும் எனக்குக் கேட்காது. எடுத்துட்டே, விளக்கு நின்னுடுச்சு, அது போதும்."

வைத்துவிட்டார்.

"இருக்கேன் சார்" என்றார் மேஜர், உயிரில்லாத கம்பிக்குள். ரிசீவரை வைத்த பிறகு, முன்னறைக்கும் நடைக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். வீடு ஒன்றும் சொல்லவில்லை.

பேனாவைத் திறந்து தன் பெயருக்கு நேராக ஒரு டிக் போட்டார். மணி ஏழு. முதல் நம்பரைச் சுழற்ற ஆரம்பித்தார்.