ஆற்றைத் தாண்டிய யானை

என் வீட்டுக்காரர் மிங்யுவானைப் பக்கவாதம் அடித்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கைகால் மெல்ல வரட்டும். வாய் திறந்து ஒரு தடவை "சூலான்" என்று என்னைக் கூப்பிட்டால் போதும் என்றிருந்தது எனக்கு. வாயாடி மனிதர் வாயடைத்துக் கிடந்தால் வீடு வீடாகவா இருக்கும்?

ஊசி வைத்தியம் பார்க்கும் யான் என்ற டாக்டரம்மா தினமும் தலையிலும் நாக்கடியிலும் ஊசி குத்தி, மெல்லத் திருகியபடி கேட்பாள்:

"குடையுதா ஐயா? மரத்துப்போன மாதிரி இருக்கா?"

"பேச முடியாத மனுசன்கிட்ட என்னம்மா கேள்வி?" என்பேன்.

"முறைக்கிறாருல்ல? அப்ப ஊசி பிடிச்சிருச்சு."

கஷாயம் என் பொறுப்பு. வேர், பட்டை, காய்ந்த மண்புழு எல்லாம் போட்டு மண்சட்டியில் சுண்டக் காய்ச்சுவேன். சக்கையை வழியில் கொட்டினால் மிதித்தவர்களோடு நோயும் போய்விடும் என்பார்கள். எங்கள் தியான்ஜின் சந்தில் எல்லாரும் முச்சந்தியில்தான் கொட்டுவார்கள். நான் எதிர்வீட்டுக் கொங் வாசலில் கொட்டினேன். அவன் இவருக்குச் சதுரங்க எதிரி. விழுந்த அன்றைக்கும் அவனோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் வந்தார். பழியை யார் தலையிலாவது போட வேண்டாமா?

மறுநாள் சக்கை என் வாசலில் கிடந்தது. அள்ளி அவன் வாசலுக்கே அனுப்பினேன். இப்படியே அதுவும் போக வர இருந்தது. ஒரு மத்தியானம் சட்டியும் கையுமாக அவனிடமே மாட்டிக்கொண்டேன்.

"எனக்கும் பக்கவாதம் வந்துட்டா அண்ணனோட யாரு ஆடுவா, அண்ணி?"

"உன் வாயாவது மூடும்."

"அந்த மண்புழு உங்களுக்குப் பயந்தே செத்திருக்கும்."

சொன்னவன் வீட்டுக்குப் போய்ப் பலகையைத் தூக்கிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டான். மிங்யுவான் இடக்கையால் காய் நகர்த்தினார். கொஞ்ச நேரம் ஒழுங்காக ஆடிய கொங், கூச்சநாச்சமில்லாமல் யானைக் காயைத் தூக்கி ஆற்றுக்கு அந்தப் பக்கம் வைத்தான். சீனச் சதுரங்கத்தில், பலகையின் நடுவே ஓடும் அந்த ஆற்றை யானை தாண்டக் கூடாது. எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மிங்யுவான் முகம் சிவந்தது. உதடு கோணிக்கொண்டு துடித்தது.

"தி... திருட்டுப் பயலே."

கொங் யானையை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புகையில் கண்ணெரியக் காய்ச்சியவள் நான், முதல் சொல் அவனுக்கா? மிங்யுவான் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"என் பேரச் சொல்லுங்க."

அவர் என்னையே பார்த்து, ரொம்ப நேரம் முக்கினார்.

"க... கசப்பு."

கொங் விழுந்து விழுந்து சிரித்தான். நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. ஊசி வழி திறந்திருக்கும், கஷாயம் உள்ளே தள்ளியிருக்கும்; ஆனால் கதவைத் தட்டியவன் இந்தப் படுபாவிதான். பலகையை மடக்கிக் கிளம்பியவனை வாசலில் மறித்தேன்.

"நாளைக்கும் வா தம்பி. இத விடப் பெருசா ஏமாத்து. என் பேரு இன்னும் வரல."