பெட்ஷீட் மடிக்கிற மகராசன்

என் வீட்டுக்காரர் பதினெட்டு வருஷம் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுக்கு மேனேஜர். கண்ணாடி அறை, சுழல் நாற்காலி, எதிரே கைகட்டி நிற்க நாலு பேர். புது நிர்வாகி வந்த கையோடு அவரைத் தூக்கி, பெட்ஷீட் மடிக்கிற மேசைக்கு அனுப்பினார். அறையில் உட்கார்ந்தது யார்? இவரிடமே வேலை கற்ற அசிஸ்டெண்ட். பெரிய வெண்ணெய்வெட்டி!

மனுஷன் முகம் சுளித்தாரா? அந்த ஞாயிறே சபையில் எழுந்து, கர்த்தர் குறைவில்லாமல் நடத்துகிறார் என்று சாட்சி சொன்னார். சபையே அல்லேலூயா போட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சூடு சொரணை இல்லாததற்குப் பக்தி என்று பெயர் வைத்துக்கொண்டால் யார் என்ன கேட்க முடியும்?

"போய் நியாயம் கேளுங்களேன்."

"அங்க உக்கார வச்சதும் அவர்தான், இங்க நிக்க வச்சிருக்கறதும் அவர்தான்."

"நிர்வாகியா?"

"ஆண்டவர்டி."

குறைந்த சம்பளத்தில் வீடு ஓட வேண்டுமே, நானும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தேன். பெட்ஷீட்டை ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து சேர்க்க வேண்டும். எனக்கு எதிரே இந்த மகராசன்தான். கிட்டே வரும்போதெல்லாம் உதடு அசையும்.

"என்ன முணுமுணுப்பு?"

"இதுல படுக்கப் போறவங்களுக்கு ஒரு ஜெபம். அந்த ரூம்ல இருந்தப்ப வார்டு வார்டாத்தான் பண்ண முடிஞ்சுது. இங்க ஒவ்வொருத்தருக்கா பண்ணலாம்."

"அடேயப்பா, என்ன ஒரு முன்னேற்றம்!"

நானும் ஜெபித்தேன். அந்த அறையைத் திருப்பிக் கொடும் ஆண்டவரே, அதற்குமேல் வாயே திறக்க மாட்டேன் என்றேன்.

கொடுத்தார். ஆபரேஷன் தியேட்டருக்கு ஈரத் துணி அனுப்பி வெண்ணெய்வெட்டி மாட்டிக்கொண்டான். நிர்வாகியே மேசைக்கு வந்து, "பழையபடி நீங்களே பாத்துக்குங்க" என்றார். பரிசுத்தவான் மறுத்துத் தொலைப்பாரோ என்று பதறினேன். "சரிங்க சார்" என்று போய் உட்கார்ந்தார். பதவி போன அன்றைக்கும் இதே குரலில்தான் சரி என்றாராம்.

என் சந்தோஷம் ஒரு மணி நேரம் தாங்கியது. நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டாமா நிர்வாகி? புது நாற்காலியாவது போட்டிருக்கலாமே? மத்தியானம் இவர் அறைக்குள் போய்ப் பொரிந்து தள்ளினேன். முழுவதும் கேட்டார்.

"உனக்கு என்ன கிடைச்சா போதும்னு தோணும்?"

கேலியில்லை, நிஜமாகவே கேட்டார். யோசித்தேன். எது கிடைத்தாலும் அடுத்தது ஒன்று வேண்டியிருந்தது. அவரிடம் இருக்கிற அந்தப் 'போதும்' என்னிடம் இல்லை என்று உறைத்தபோது, வெட்கத்தைவிடப் பொறாமைதான் அதிகம் வந்தது.

மேசைக்குத் திரும்பினேன். எதிர்முனையை வெண்ணெய்வெட்டி பிடித்திருந்தான், கண்ணெல்லாம் சிவந்து.

"இனிமே நான் எப்படிக்கா நிம்மதியா இருப்பேன்?"

"என்கிட்ட கேக்காத தம்பி. அந்த ரூம்ல இருக்கறவர்கிட்ட போய்க் கேளு. கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லு."