பதினோரு மணி வரைக்கும்

மூன்றாவது தோசையின் ஓரத்தில் எண்ணெய் விடும்போதுதான், சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பது இளவரசிக்கு நினைவு வந்தது. கை ஒரு கணம் நின்றது. கல்லின்மேல் தோசை கண் கண்ணாகத் திறந்து விளிம்பில் சிவக்கத் தொடங்கியிருந்தது. அதைக் கருகவிட முடியாது. திருப்பிப் போட்டாள்.

சமையலறைச் சன்னல் வழியாகப் பார்த்தால், தங்க வருபவர்களுக்கு வாடகைக்கு விடும் இரண்டு மரவீடுகள், அவற்றுக்கு அப்பால் ஏரி. இந்தப் பக்கம், வேர்க்கடலைக் கொல்லையின் கடைக்கோடியில் மோட்டார் கொட்டகை. கொட்டகையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவளுடைய அப்பா இருசப்பன் கயிற்றுக் கட்டிலில் கிடத்தப்பட்டிருந்தார். பக்கத்தில் அம்மா மங்கம்மா.

விடியற்காலையில் டீ கொண்டுபோன அம்மாதான் முதலில் பார்த்தாள். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இறந்துபோயிருந்தார். நான்காய் மடித்த துண்டு வாயோடு ஒட்டியிருந்தது. பின்னாலேயே ஓடிய இளவரசி, அப்பாவின் கையைத் தொடுவதற்கும் முன்னால் சொன்ன வார்த்தை இது: "ம்மா, கத்தாத. கேபின்ல ஆளு கீறாங்க."

திறந்த வாயோடு அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"பதினோரு மணிக்குக் கெளம்பிடுவாங்க. அதுவரைக்கும்தாம்மா."

மங்கம்மா கணவனின் வாயிலிருந்து அந்தத் துண்டை மெதுவாகப் பிரித்தெடுத்துத் தன் வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

எல்லாம் போன மாதம் இணையத்தில் வந்த ஒரு விமர்சனத்தில் தொடங்கியது. சென்னையிலிருந்து வந்து தங்கிப்போன யாரோ எழுதியிருந்தார்: இடம் அருமை, காபி அருமை, ஆனால் ஒரு கிழவர் இரவெல்லாம் இருமிக்கொண்டே இருந்தார். இரண்டே நட்சத்திரம். அதன்பிறகு நான்கு சனி, ஞாயிறுகள் மரவீடுகள் பூட்டியே கிடந்தன. அந்த விமர்சனத்தைத் தனக்குள்ளே வைத்துக்கொள்ளாமல் அப்பாவின் எதிரில் நின்று அவள் வாய்விட்டுப் படித்ததுதான் தவறு. "என்னப் பத்தியா எழுதிகீறாங்க? போட்டோ போடலியா?" என்று அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. அன்று சாயங்காலமே கட்டிலைத் தானே இழுத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டார். வேண்டாம் நைனா என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். போர்வையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

தோசைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஏரியைப் பார்த்துப் போட்டிருந்த மேசையில் பீர் முகம்மதுவும் அவர் மனைவி சபுராவும் உட்கார்ந்திருந்தார்கள். வாலாஜாபாத்தில் நாட்டு மருந்துக் கடை. கல்யாணமாகி நாற்பது வருடம் ஆனதற்குப் பிள்ளைகள் ஒருநாள் தங்க அனுப்பியிருந்தார்கள்.

"நாஷ்டா சூப்பரா கீதும்மா. உங்க நைனா எங்க? நாரை எது, கொக்கு எதுன்னு நேத்து அவருதான் கத்துக்குடுத்தாரு. இவளுக்கு எல்லாம் குருமாதான்" என்றார் பீர் முகம்மது.

"சும்மா இருங்க" என்று அவரை அடக்கிய சபுரா இளவரசியின் பக்கம் திரும்பினாள். "ஏரிக்கரமேல எங்ககூட உக்காந்து பேசிக்கினு இருந்தாரும்மா. இருமல் வந்தா எயுந்து தூரமா போயிடுறாரு. இன்னாத்துக்கு அப்படிப் போறாரு? எங்க வூட்லயும் ஒருத்தரு இருமுறவருதான். நைனா எயுந்துட்டாரா?"

"தூங்கறாரும்மா" என்றாள் இளவரசி.

"தூங்கட்டும், தூங்கட்டும். இருமுறவங்களுக்குத் தூக்கம் வர்றதே பெருசு."

சட்னிக் கிண்ணத்தை மேசையில் வைக்கும்போது அது தட்டில் மோதிச் சத்தமிட்டது. இன்னும் இரண்டு தோசை கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஒன்பதரை மணிக்கு, அவள் போனில் சொன்ன சேதி கேட்டுச் சித்தப்பா வெங்கடேசன் மாலையும் கையுமாக வண்டியில் வந்து இறங்கினார். அவள் ஓடிப்போய்க் கேட்டிலேயே மறித்தாள்.

"இன்னாடி இது, வூட்ல சாவு உழுந்துகீது, ஒரு சத்தத்தையும் காணோம்?"

"மெதுவா பேசு சித்தப்பா. பதினோரு மணிக்குக் கெஸ்ட் போயிடுவாங்க. அப்புறமா எல்லாம் பாத்துக்கலாம்."

அவர் அவளைத் தாண்டிப் பார்த்தார். சமையலறைக் கூரையிலிருந்து தாளிப்பின் புகை எழுந்துகொண்டிருந்தது.

"அடுப்பு வேற எரியுதா? செத்தவனுக்கும் செக்-அவுட் டைம் போட்டுட்டியா? மேளக்காரங்களுக்குச் சொல்லியாச்சு, கெளம்பி வந்துக்கினு கீறாங்க."

"டீக்கடையில உக்கார வை சித்தப்பா. உன் காலைத் தொட்டுக் கேக்கறேன்."

"என் கால எதுக்குத் தொடுற? எங்கண்ணன் கால அங்க கட்டியாச்சா, அதச் சொல்லு" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வண்டியைத் திருப்பினார்.

கட்டவில்லை. கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டவேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

பதினோரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் பையைக் காரில் வைத்துவிட்டுச் சபுரா திரும்பி வந்தாள். நூல் சுற்றிய ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை இளவரசியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"சித்தரத்தைம்மா, இருமலுக்கு. இவருக்குன்னு எப்பவும் பையில வச்சிருப்பேன். எயுந்தவொடனே ஒரு துண்டு வாயில அடக்கிக்கச் சொல்லு."

"குடுக்கறேம்மா."

கார் நகர்ந்தது. இளவரசி கொல்லையின் வரப்பில் செருப்பில்லாமல் ஓடிக் கொட்டகைக் கதவைத் தள்ளினாள். அம்மா வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தாள். யாரும் சொல்லாமலேயே தன் சேலை ஓரத்தைக் கிழித்து அப்பாவின் கால்களைக் கட்டியிருந்தாள். வாயில் இன்னும் அதே துண்டு.

"ம்மா, போயிட்டாங்க. இப்ப அழும்மா."

மங்கம்மா துண்டை எடுத்து மடியில் வைத்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"வர்லடி" என்றாள்.

அந்த நேரத்தில் கேட்டுக்கு வெளியே மேளம் அடித்தது. சித்தப்பாவுக்குப் பொறுமை இல்லை. கார் மெயின் ரோட்டை எட்டும்வரைகூட அவர் காத்திருக்கவில்லை. கார் நின்றது. கதவு திறந்து மூடும் ஓசை இங்குவரை கேட்டது. கடலைச் செடிகளுக்கு நடுவில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சபுரா வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு பீர் முகம்மது.

வாசலில் நின்று கட்டிலைப் பார்த்தாள் சபுரா. பிறகு இளவரசியைப் பார்த்தாள். அவள் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மண் தரையில் மங்கம்மாவின் அருகில் உட்கார்ந்து அவள் முதுகில் கையை வைத்தாள்.

அப்போதுதான் மங்கம்மாவிடமிருந்து அது வந்தது. நேற்றுவரை பெயர்கூடத் தெரியாதவளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஏரியின் மறுகரைக்குக் கேட்கும்படி அவள் கதறினாள். இளவரசி அம்மாவை நோக்கி ஓரடி வைத்து நின்றாள். அங்கே மூன்றாவதாக ஒருவர் உட்கார இடம் இருந்ததாக அவளுக்குத் தோன்றவில்லை.

சமையலறைக்கு வந்தாள். காபிக்கு வைத்த பால் சிறுதீயில் சுண்டிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தாள். கையிலிருந்த பொட்டலம் வியர்வையில் நனைந்து நூல் இறுகியிருந்தது. பல்லால் கடித்து அறுத்து, ஒரு துண்டு சித்தரத்தையை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள். காரம் தொண்டையில் இறங்கியது. இருமல் வந்தது.

வெளியே இரண்டு மேளங்கள் முழங்கிக்கொண்டிருந்தன. அவள் முந்தானையை நான்காய் மடித்து வாயில் அழுத்திக்கொண்டாள்.