பையில் கிடந்த கேபிள்

அண்ணன் வாயைத் திறந்தால் மூடமாட்டான். வேலை லிப்ட் மெக்கானிக். இருட்டுக் குழிக்குள் இறங்கி நின்றுகொண்டுகூட, மேலே டார்ச் பிடிக்கிற வாட்ச்மேனிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பான். வீட்டில் சொல்லவே வேண்டாம். "உங்க அண்ணன் தூங்கறப்போ மட்டும்தான் நம்ம காதுக்கு லீவு" என்று அண்ணி தன் நாத்தனாரிடம் சொல்லிச் சிரிப்பாள். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒன்பது நாள் வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தான் என்றால், அதற்குக் காரணம் ஒரு முழ நீளக் கறுப்புக் கேபிள்.

நாத்தனார் என்றது அவன் தங்கையைத்தான். வீட்டில் அவளுக்குச் சிட்டு என்று பெயர். ஒரு ஸ்டுடியோவில் ஆறு வருஷம் வீடியோ எடிட்டிங் செய்தாள். முதலாளியோடு ஒத்துவராமல் வெளியே வந்தபோது அவள் கையில் இருந்தவை ஒரு காமிரா, ஒரு பழைய ஹார்ட் டிஸ்க், ஒரு லேப்டாப். அந்த லேப்டாப்பில் ஐந்து நிமிஷ வீடியோவை முடித்து வெளியே எடுப்பதற்குள் நிதானமாகக் குளித்து, துணி துவைத்து, உலர்த்திவிட்டும் வந்துவிடலாம். கடையில் எடிட்டிங்குக்கு ஏற்ற கம்ப்யூட்டரின் விலையைக் கேட்டுவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். அண்ணன் மார்தட்டினான்.

"பாதி விலையில நான் கட்டித் தரேன் பாரு. பதினெட்டு மாடி லிப்டைக் கழட்டி மாட்டறவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி."

"அண்ணா, விளையாட்டு இல்ல. இதை நம்பித்தான் இனிமே என் பொழப்பு."

"அண்ணன் இருக்கேன்ல?"

சும்மா சொல்லக்கூடாது, பார்த்துப் பார்த்துத்தான் சேர்த்தான். ப்ராசஸர் பழசு, ஆனால் எட்டு கோர். அது லேசில் போகாது, பழசே போதும் என்றான். ராம் மட்டும் புதுசு, முப்பத்திரண்டு ஜிபி. அதில் கஞ்சத்தனம் பண்ணினால் படம் திக்கித் திக்கித்தான் ஓடும் என்றான். கிராபிக்ஸ் கார்டு, கேம் ஆடி அலுத்துப்போன ஒருவரிடம் வாங்கியது. கேபினெட், இழுத்து மூடிய ஓர் ஆபீஸிலிருந்து வந்தது. அதன் நெற்றியில் ஒட்டியிருந்த 'ரிசப்ஷன் 2' என்ற ஸ்டிக்கர் எத்தனை சுரண்டியும் போகவில்லை. பவர் சப்ளையும் பழசுதான். நல்ல கம்பெனி, தேவைக்கு மேலேயே வாட்ஸ். ஹார்ட் டிஸ்குக்குப் போகிற கேபிள் மட்டும் கூட வரவில்லை.

"அது கிடக்கு. என் மேஜை டிராயர்ல கேபிளுக்கா பஞ்சம்?" என்றான்.

சிட்டுவுக்கு வந்த முதல் சொந்த வேலை, இரண்டு தெரு தள்ளி இருந்த பேக்கரிக்காரருடையது. அவர் மனைவிக்குத் தொண்டையில் கட்டி. ஆபரேஷன் செய்தால் உயிருக்குப் பயமில்லை, குரல் மட்டும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த அம்மாளுக்கு ஏழு வயதில் ஒரு பெண். மகளுக்காகத் தன் குரலைச் சேர்த்து வைத்துவிட வேண்டும் என்று சிட்டுவைக் கூப்பிட்டாள். மூன்று நாள் பகலெல்லாம் எடுத்தார்கள். கதை சொன்னாள், பேர் சொல்லி எழுப்பினாள், இருபது வயது வரைக்கும் வருஷம் ஒன்றாகப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னாள். "திட்டறதையும் எடுத்துக்கோம்மா. வெறும் கொஞ்சல் மட்டும் இருந்தா இது எங்க அம்மா இல்லேன்னுடுவா" என்றாள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. குரல் போய்விட்டது. எடுத்த அத்தனையும் சிட்டுவின் அந்தப் பழைய டிஸ்கில் மட்டும் இருந்தது. காமிராவின் கார்டை அடுத்த வேலைக்காக அழித்திருந்தாள். புது மிஷின் வந்ததும் முதல் வேலையாக இன்னொரு காப்பி எடுத்துவிடலாம் என்று இருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேஜையில் பெட்டியை விரித்துப்போட்டு அண்ணன் கட்டினான். ஸ்க்ரூ முடுக்க முடுக்கக் கதை. போன மாசம் லிப்டில் மாட்டிக்கொண்ட வக்கீல், உள்ளே இருந்தபடியே நோட்டீஸ் எழுதியதை நடித்துக் காட்டினான். அண்ணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசியாக டிராயர் கேபிளை எடுத்துச் சொருகினான். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது.

இங்கேதான் வந்தது வினை. ப்ளக் ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளே கம்பிகளை ஒவ்வொரு கம்பெனிக்காரனும் தன் இஷ்டத்துக்கு வரிசை மாற்றி வைத்திருப்பான். ஐந்து வோல்ட் போகவேண்டிய இடத்தில் பன்னிரண்டு போய்விடும். அண்ணனுக்கு இது தெரியாதா? தெரியும். வேலையிடத்தில் மீட்டர் வைத்துப் பார்க்காமல் எவனாவது கரண்ட் கொடுத்தால் அண்ணன் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவான். அன்றைக்கு மீட்டர் இரண்டடி தள்ளி டூல்ஸ் பையில்தான் கிடந்தது. எடுக்கவில்லை. வக்கீல் கதை பாதியில் இருந்தது, அதை விட மனசில்லை, அவ்வளவுதான் காரணம்.

சுவிட்சை அழுத்தினான். 'டக்' என்று ஒரு சத்தம். மின்விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. மெல்லிசாக ஒரு கருகல் வாடை.

கேபிளை உருவிப் பார்த்தான். கேபிளின் ப்ளக்கில் ஒரு கம்பெனி பேர், பவர் சப்ளையின் முதுகில் வேறொரு பேர். கை தன்னால் கேபிளைச் சுருட்டிப் பையின் அடியில் திணித்தது. டிஸ்க் இல்லாமல் மறுபடி அழுத்தினான். மிஷின் ஜம்மென்று எழுந்தது. அண்ணி கைதட்டினாள்.

"டிஸ்க் எங்கண்ணா காணோம்?" என்றாள் சிட்டு.

"டிஸ்கைச் சொருகினா மிஷினே ஏந்திரிக்க மாட்டேங்குது." அதுவரை சொன்னது உண்மை. அதற்கு மேல் ஒரு வாக்கியம் தானாக வந்து விழுந்தது. "பழசு இல்லையா சிட்டு. அதுக்கு ஆயுசு முடிஞ்சுபோச்சு."

சிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நான்தான். நான்தான் காப்பி எடுத்து வைக்காம விட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். பாவி, சொல்லவில்லை. அப்புறம் சொல்லலாம் என்று விட்டான். ஒவ்வொரு நாள் தள்ளும்போதும், கேபிளைச் சொல்வதோடு தள்ளிய நாட்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தவித்தான்.

மூன்றாம் நாள் சிட்டு பேக்கரிக்காரர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அவர் ஒண்ணும் பேசல அண்ணி. அந்தக்காதான் நோட்டுல எழுதினாங்க, 'விடு, வேணும்னேவா செஞ்சே?'ன்னு. அழுத என்னை அவங்க தட்டிக் கொடுக்கறாங்க. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சு."

அண்ணன் தட்டில் கையை வைத்தபடி இருந்தான்.

"என்னங்க, உடம்புக்கு என்ன? ரெண்டு நாளா வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றாள் அண்ணி.

"தலைவலி" என்று மழுப்பினான்.

வேலைக்குப் போனால் அங்கேயும் நிம்மதி இல்லை. ஒவ்வொரு லிப்டின் மிஷின் ரூமிலும் ஒரு பதிவுப் புத்தகம் ஆணியில் தொங்கும். பழுது என்ன, காரணம் என்ன, சரிசெய்தவர் யார் என்று மூன்று கட்டம். தன் கைத்தவறாக இருந்தாலும் அண்ணன் அப்படியே எழுதிவிடுவான். அடுத்து வருகிறவன் அதை நம்பித்தானே குழியில் இறங்குவான்? அந்த வாரம் நடுக் கட்டத்தைப் பார்த்தபோதெல்லாம் பேனா அந்தரத்தில் நின்றது. பைக்குள் ஸ்பேனரைத் தேடிக் கையை விட்டால் கேபிள்தான் விரலில் சுற்றியது. தூக்கிப் போட்டிருக்கலாம். அதற்கும் மனசு வரவில்லை. அதையும் தொலைத்துவிட்டால் தான் செய்தது இல்லை என்றே ஆகிவிடும் போலிருந்தது.

எட்டாம் நாள் சிட்டு சொன்னாள்: "அண்ணா, டிஸ்க் ரிப்பேர் பண்ற ஒரு இடம் விசாரிச்சேன். நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க. நிறைய கேப்பாங்களாம். இந்த மிஷினை யாருக்காவது விலை பேசி வித்துடு, அந்தச் செலவுக்கு ஆகும்."

"நீ கஷ்டப்பட்டு வாங்கினது சிட்டு!"

"வெச்சு என்ன பண்றது? ஆன் பண்றப்பல்லாம் அந்தக்கா முகம்தான் தெரியுது."

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவனும் கூடப் போனான். ஒரு காம்ப்ளெக்ஸின் இரண்டாம் மாடி. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பூதக்கண்ணாடி விளக்கு; அதன் கீழே, தலைமுடியை இறுக்கிக் கட்டிய ரிப்பேர்க்காரப் பெண். டிஸ்கைத் தொடுவதற்கு முன்னால் ஒரு படிவத்தை எடுத்தாள். அதில் 'பழுதான விதம்' என்று ஒரு கட்டம். அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எப்படிப் போச்சு?"

"ரொம்பப் பழசு மேடம். தானாவே நின்னுபோச்சு" என்றாள் சிட்டு.

"தானா நின்னதுன்னா உள்ள தேய்ஞ்சிருக்கும். அதுக்கு இங்க நான் கரண்ட்டே கொடுக்க மாட்டேன், கொடுத்தா உள்ள சுத்தற தட்டு கீறிடும். டிஸ்கைத் திறந்து எடுக்கிற இடத்துக்கு நேரா அனுப்பிடுவோம். கிடைக்கலாம், மொத்தமா போயும் போகலாம். சம்மதம்னா கையெழுத்துப் போடுங்க."

சிட்டு பேனாவை வாங்கினாள். முதல் எழுத்தை எழுத ஆரம்பித்தாள்.

"போடாதே."

இரண்டு பெண்களும் நிமிர்ந்தார்கள். அண்ணன் டூல்ஸ் பைக்குள் கையை விட்டுக் கேபிளை எடுத்து மேஜையில் வைத்தான். "தானா நிக்கல. இதைத்தான் சொருகினேன். வேற கம்பெனிக் கேபிள். மீட்டர் வெச்சுப் பாக்கல. நான்தான் கொன்னேன்."

ரிப்பேர்க்காரப் பெண் கேபிளைப் புரட்டிப் பார்த்தாள். "அட, இதை முதல்லயே சொல்லக்கூடாதா? இது வேற கேஸ் சார். திறக்கவே வேண்டாம்."

டிஸ்கின் அடியிலிருந்த பச்சைப் போர்டைக் கழற்றினாள். மீட்டரை இரண்டு இடத்தில் வைத்தாள். அரிசி அளவுகூட இல்லாத ஒரு கறுப்புப் பொருளைச் சூட்டு ஊசியால் நெம்பி எடுத்தாள். கரண்ட் அதிகமானால் மற்றதைக் காப்பாற்றத் தான் செத்துப்போகிற பாகம் அது என்றாள். போர்டைத் திரும்ப மாட்டி, தன்னுடைய கேபிளைச் சொருகினாள். டிஸ்க் உள்ளே 'ம்ம்ம்' என்று சுற்ற ஆரம்பித்தது. எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஏதாவது ஒண்ணைத் திறந்து பாருங்க."

சிட்டு கைக்குக் கிடைத்ததைத் தட்டினாள். சின்ன ஸ்பீக்கரிலிருந்து குரல் கணீரென்று வந்தது: "மறுபடியும் பென்சிலைத் தொலைச்சியா? உனக்கு வாங்கிக் கொடுத்தே நான் ஓட்டாண்டி ஆயிடுவேன் போ! சரி சரி, மூக்கை உறிஞ்சாதே. வா இங்க."

சிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணன் அவள் தோளைத் தொடப் போனான். அவள் நகர்ந்து நின்றுகொண்டாள்.

எல்லாவற்றையும் இரண்டு புது டிஸ்கில் காப்பி எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். தெருவில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தபிறகுதான் அவள் பேசினாள்.

"கேபிளைத் தப்பா சொருகினது விடு. எனக்கும் கை தவறும். ஒன்பது நாள் என் எதிர்ல உக்காந்துதானே சாப்பிட்டே?"

"பயந்துட்டேன் சிட்டு."

"கையெழுத்துப் போட்டிருந்தா?"

அவன் டூல்ஸ் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டான்.

"நேரா பேக்கரிக்குப் போறோம். நீயே சொல்லு. அங்க போய் அழுதது நானு."

பேக்கரியின் பின்கட்டில் மாவு மூட்டைகளுக்கு நடுவே அந்த அம்மாள் தட்டுகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கழுத்தில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. இடுப்பில் கயிறு கட்டிய ஒரு சின்ன நோட்டு. சிட்டு ஓடிப்போய் அவள் கையில் டிஸ்கை வைத்தாள். "கிடைச்சிடுச்சுக்கா. எல்லாமே, திட்டுனதுகூட!"

அந்த அம்மாள் டிஸ்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். பேக்கரிக்காரர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு முகத்தைத் துடைத்தார்.

"எங்க அண்ணன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்றாள் சிட்டு.

அண்ணன் சொன்னான். கேபிளிலிருந்து ஆரம்பித்து, பையில் ஒளித்தது, பழசு என்றது, தங்கை அழுததைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தது வரைக்கும் எதையும் விடவில்லை. அவன் வாழ்நாளிலேயே மிகச் சிக்கனமாகப் பேசியது அன்றுதான்.

"ஏன்யா, நீயெல்லாம் ஒரு..." என்று பேக்கரிக்காரர் கரண்டியோடு கிளம்பினார். மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். கையைத் துடைத்துக்கொண்டு நோட்டைத் திறந்து எழுதினாள். தாளில் எண்ணெய்க் கறை பட்டது. எழுதி முடித்து அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

'தப்பு யாருக்கும் நடக்கும். ஆனா இந்தப் பொண்ணு இங்க வந்து அப்படி அழுதாளே. சொல்றதுக்கு உங்களுக்குத்தான் வாய் இருந்துச்சே தம்பி?'

கோபமாக எழுதிய மாதிரித் தெரியவில்லை. நிஜமாகவே கேட்டாள். பதில் வரும் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. அந்த அம்மாள், பேச வராத தன்னைப் போல அவனும் எழுதிச் சொல்லட்டும் என்று, பேனாவை அவன் பக்கம் நீட்டினாள்.